தேங்கும் குருதியும் தளரும் சிறுநீரகமும்

நாட்பட்ட இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் சிறுநீரகத்தின் தொழிற்பாடு படிப்படியாகக் குறைந்து செல்வது ஏன் என்பதும், அந்தக் குறைவைக் கண்டவுடன் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்பதுமே இன்றைய சொற்பொழிவின் பொருள். இதயத்துக்கு ஒரு கிளினிக், சிறுநீரகத்துக்கு இன்னொரு கிளினிக், சீனி வருத்தத்துக்கு மூன்றாவது கிளினிக் என்று மூன்று கொப்பிகளோடு அதிகாலையில் பேருந்தேறும் முதியவர்கள் நிறைந்தது கோமாரி, தாண்டியடி, திருக்கோவில், பொத்துவில், அக்கரைப்பற்று முதலிய ஊர்கள் அமைந்த இக்கரையோரம். அந்த மூன்று கொப்பிகளிலும் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் ஒரே வருத்தத்தின் வரலாறுதான் என்பதை விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

அம்பாறை மாவட்டத்தில் கிட்னி வருத்தம் என்று கேட்டவுடன் மக்களின் எண்ணம் முதலில் கிணற்றுத் தண்ணீரிடமே செல்கிறது. அதற்கு நியாயம் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் அனுராதபுர மாவட்டத்தின் மதவாச்சி, பதவியா போன்ற விவசாயப் பிரதேசங்களில், நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத நடுவயது விவசாயிகளிடம் இனங்காணப்பட்ட, காரணம் இன்றுவரை உறுதியாகாத நாட்பட்ட சிறுநீரக நோய், பிற்பாடு உலர் வலயத்தின் வேறு பகுதிகளிலும் பதிவாகி, இதே மாவட்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள தெஹியத்தகண்டியையும் தொட்டது. 2021இல் சீன அரசின் உதவியோடு பொலன்னறுவையில் சிறுநீரக நோய்க்கென்றே தேசிய விசேட வைத்தியசாலை ஒன்று திறக்கப்படும் அளவுக்கு அது நாட்டின் கவனத்தை ஈர்த்தது. ஆனால் அந்தப் புகழே கரையோர மக்களுக்கு ஒரு மறைப்பாகவும் அமைந்துவிட்டது. தண்ணீரை மாற்றினால் சிறுநீரகம் தப்பிவிடும் என்று போத்தல் நீர் வாங்கிக் குடிக்கும் வீட்டில், பத்து ஆண்டுகளாகக் கட்டுப்படாத பிரஷரும், ஒருமுறை வந்துபோன மாரடைப்பும், மாலையானால் வீங்கும் கால்களும் இருக்கும்போது, சிறுநீரகத்தின் பகைவன் கிணற்றிலா இருக்கிறான்?

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதைக் குறிப்பதன்று. உடலின் தேவைக்கு ஏற்ற அளவு குருதியை வெளியேற்றும் வலுவை இதயம் இழந்துவிட்ட நிலையையோ, போதிய குருதியை வெளியேற்றினாலும் அதற்காகத் தன் அறைகளினுள் அளவுமீறிய அமுக்கத்தைத் தாங்கவேண்டியுள்ள நிலையையோ அது குறிக்கிறது. மாரடைப்பால் தசை இறந்த இதயம், நெடுங்கால உயர் குருதியமுக்கத்தால் தடித்து இறுகிய இதயம், சிறுவயதுக் கீல்வாதக் காய்ச்சலால் வால்வு கெட்ட இதயம், நீரிழிவால் நலிந்த இதயம் ஆகிய எல்லாமே இறுதியில் இந்த ஒரே வாசலுக்கு வந்து சேர்கின்றன. படியேறும்போது மூச்சு முட்டுதல், இரவில் தலையணையை உயர்த்தினால் மட்டுமே தூக்கம் வருதல், காலில் விரலால் அமுக்கினால் குழி விழுதல் ஆகியன அதன் அறிகுறிகள். இலங்கையில் வளர்ந்தோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு என்று 2018ஆம், 2019ஆம் ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வு காட்டியதை நினைத்துப் பார்த்தால், அந்த வாசலை நோக்கி நடந்துகொண்டிருப்போரின் கூட்டம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை சிறுநீரகத் தொழிற்பாடு குறைந்தவர்களாக இருக்கின்றனர் என்பதை உலகெங்கும் நடந்த ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதிப்படுத்தியுள்ளன. அவர்களுள் சிறுநீரகம் தளர்ந்தவர்களே விரைவில் இறக்கின்றனர் என்பதும் அவ்வாய்வுகளின் முடிவாகும்.

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் நிறை கொண்டவை. உடலின் நிறையில் இருநூறில் ஒரு பங்கே ஆகும். ஆயினும் இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் ஐந்து லீற்றர் குருதியில் ஒரு லீற்றருக்குக் குறையாத பங்கு அவற்றுக்கே செல்கிறது. இவ்வளவு சிறிய உறுப்புக்கு இவ்வளவு பெரிய பங்கு எதற்கு? தன் உணவுக்காக அன்று, உடல் முழுவதற்குமான வடிகட்டலுக்காகவே சிறுநீரகம் அதைப் பெறுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து இலட்சம் சிறுநீரகத்திகள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள் உள்ளன; அவை நாளொன்றுக்கு 180 லீற்றர் திரவத்தை வடித்து, அதில் ஒன்றரை லீற்றர் அளவைச் சிறுநீராக விட்டு, எஞ்சியதை உடலுக்கே திருப்பிக் கொடுக்கின்றன. நிமிடத்துக்கு எத்தனை மில்லிலீற்றர் வடிகட்டப்படுகிறது என்ற கணக்கே வடிகட்டல் வீதம் எனப்படுகிறது. இளமையில் அது 90க்கு மேல் இருக்கும். மூன்று மாதங்களுக்கு மேலாக அது 60க்குக் கீழ் நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளதாக வைத்தியர்கள் கொள்வர்.

இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு வரும் குருதி குறையும், வரவு குறைந்தால் வடிகட்டல் குறையும் என்பது எளிதில் விளங்கும் காரணம். நெடுங்காலம் வைத்திய உலகமும் இந்த ஒரு காரணத்தோடு நின்றுவிட்டது. அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மையே. மற்றப் பாதியை எஃப். ஆர். வின்ரன் என்ற உடற்றொழிலியல் அறிஞர் 1931ஆம் ஆண்டிலேயே காட்டியிருந்தார். நாயின் சிறுநீரகத்தை உடலினின்று பிரித்துச் செயற்கையாகக் குருதியோட்டம் கொடுத்து ஆராய்ந்த அவர், உட்செல்லும் நாடியின் அமுக்கத்தை மாற்றாமல், வெளியேறும் நாளத்தின் அமுக்கத்தை மட்டும் உயர்த்தினாலே சிறுநீர் குறைந்துவிடுவதைக் கண்டார். அந்த ஆய்வு எழுபது ஆண்டுகளுக்கு மேல் நூலகங்களில் உறங்கிக் கிடந்தது என்றே சொல்லவேண்டும். 2009இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில், இதயச் செயலிழப்பு முற்றிய 145 நோயாளிகளின் இதய அறைகளிலும் நாளங்களிலும் அமுக்கத்தை நேரடியாக அளந்து நடத்திய ஆய்வு, இதயம் வெளியேற்றிய குருதி குறைந்திருந்ததைவிட, நாளங்களில் குருதி தேங்கி அமுக்கம் உயர்ந்திருந்ததே சிறுநீரகம் கெட்டவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது என்று உறுதிசெய்தது.

இதை ஓர் எளிய கணக்கால் காணலாம். சிறுநீரகத்தினூடாகக் குருதியைத் தள்ளும் விசை, நாடியின் சராசரி அமுக்கத்திலிருந்து நாளத்தின் அமுக்கத்தைக் கழித்தால் கிடைக்கும் மீதியே ஆகும். நலமுள்ள ஒருவரின் நாடியில் அமுக்கம் 90 மில்லிமீற்றர் இரசமாகவும் நாளத்தில் 5 ஆகவும் இருப்பின், மீதி 85. இதயச் செயலிழப்புள்ள ஒருவரின் நாடியில் 75 ஆகக் குறைந்து, நாளத்தில் 20 ஆக உயர்ந்திருப்பின், மீதி 55 மட்டுமே. குறைந்த 30இல் பாதி வரவு குறைந்ததால் வந்தது. மறுபாதி வெளியேற்றம் தடைப்பட்டதால் வந்தது. கல்லோயாத் திட்டத்தின் நீரில் வேளாண்மை செய்யும் இம்மாவட்டத்து விவசாயிக்கு இது புதிய பாடமன்று: வாய்க்காலில் நீர் வந்தால் மட்டும் போதாது, வடிச்சலும் திறந்திருக்கவேண்டும், வடிச்சல் அடைபட்ட வயலில் நீர் நின்று பயிர் அழுகிவிடும் என்பதை அவர் நன்கறிவார்.

சிறுநீரகத்தைச் சுற்றிலும் விரிந்து கொடுக்காத உறுதியான உறையொன்று இருப்பதால், நாளத்தில் குருதி தேங்கும்போது உறுப்பு வெளிப்புறமாக வீங்க இடமின்றி, உள்ளே பெருகும் அமுக்கம் நுண்குழாய்களையே நெருக்குகிறது. வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கு வயிற்றறையின் அமுக்கமும் இதனோடு சேர்ந்துகொள்ளும். குடற்சுவரும் வீங்கிவிடுவதால், வாயால் விழுங்கும் புரூசமைட் போன்ற நீர் போகும் குளிசைகள் குருதிக்குள் சரிவர உறிஞ்சப்படுவதில்லை. வீட்டில் இரண்டு, மூன்று குளிசை விழுங்கியும் இறங்காத வீக்கம், வைத்தியசாலையில் அதே மருந்தை நாளத்தின் வழி ஏற்றியவுடன் இறங்குவதற்கு இதுவே காரணம். வீட்டு மருந்து போலி என்பதோ, பாமசிக்காரர் ஏமாற்றினார் என்பதோ காரணமன்று.

இவற்றோடு உடலின் ஓமோன்களும் சேர்கின்றன. 1898இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவகத்தில் ரொபேட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பேர் பேர்க்மனும் முயலின் சிறுநீரகச் சாற்றிலிருந்து குருதியமுக்கத்தை உயர்த்தும் ஒரு பொருளைக் கண்டு அதற்கு ரெனின் என்று பெயரிட்டனர். சிறுநீரகத்துக்கு வரும் குருதி குறைந்தவுடன் சுரக்கும் ரெனின், அஞ்சியோடென்சின் என்ற பொருளையும், அது அல்டொஸ்ரெரோன் என்ற மற்றொன்றையும் தூண்டிவிட, குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன, உப்பும் நீரும் உடலினுள் தக்கவைக்கப்படுகின்றன. காயம்பட்டுக் குருதி சிந்தியவனையும், பாலைவனத்தில் நீரின்றித் தவித்தவனையும் காப்பாற்ற அமைந்த ஏற்பாடு இது. ஆனால் இதயம் தளர்ந்தவரின் உடலில் நீர் குறையவில்லை, நிரம்பி வழிகிறது. இருந்தும் சிறுநீரகம் தனக்கு வந்து சேரும் குருதியின் குறைவை மட்டுமே கண்டு, உடல் வறண்டுவிட்டதாக எண்ணி, மேலும் மேலும் உப்பைச் சேமிக்கிறது. சேமித்த உப்பு நீரை இழுக்கிறது. நீர் நாளங்களை நிரப்புகிறது. நிரம்பிய நாளம் சிறுநீரகத்தை நெருக்குகிறது. நெருக்குண்ட சிறுநீரகம் மறுபடியும் ரெனினைச் சுரக்கிறது. இந்த ஓமோன்களின் மிகுதி நெடுநாள் நீடித்தால் இதயத்திலும் சிறுநீரகத்திலும் நல்ல இழையங்கள் அழிந்து தழும்பு இழையம் படிகிறது என்பது இன்னும் கொடியது.

இவ்விரு உறுப்புகளும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பதை லண்டனின் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த றிச்சட் பிறைற் 1836இல், சிறுநீரக நோயால் இறந்தவர்களின் இதயங்கள் பருத்திருப்பதைக் கண்டு எழுதிவைத்தார். 2008இல் இத்தாலியின் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர்கள், கிளோடியோ ரொன்கோ முதலியோரின் முயற்சியால், இதய-சிறுநீரக நோய்த்தொகுதி என்ற பொதுப்பெயரின் கீழ் இதனை ஐந்து வகைகளாக வகுத்தனர். அவற்றுள் இரண்டாம் வகையே இவ்வுரையின் பொருளான, நாட்பட்ட இதயச் செயலிழப்பால் சிறுநீரகம் மெல்ல மெல்லத் தளர்தல். வகுப்பது புத்தகத்துக்கு வசதி. நோயாளியின் உடலில் அவை ஒன்றோடொன்று கலந்தே கிடக்கின்றன.

இனி, இச்சொற்பொழிவின் நடுப்பொருளுக்கு வருவது தகும். குருதியில் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவு உயர்ந்தால் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று மக்கள் அறிந்துகொண்டனர், இது நல்லதே. ஆனால் அந்த அறிவு பாதி அறிவாக நிற்கும்போது உயிரைக் குடிக்கிறது. இதயச் செயலிழப்புக்கு எனலாபிரில், லோசாட்டன் போன்ற மருந்து தொடங்கப்படுகிறது. இரண்டு வாரத்தில் கிரியற்றினின் சற்று உயர்கிறது. அறிக்கையைக் கண்ட உறவினர் எவரோ மருந்துதான் கிட்னியைப் பழுதாக்குகிறது என்று சொல்ல, நோயாளி மருந்தை நிறுத்திவிடுகிறார். மூன்று மாதத்தின் பின் அவர் நுரையீரலில் நீர் நிறைந்து, மூச்சுக்குத் தவித்து, நள்ளிரவில் அம்புலன்சில் ஏறுகிறார். அவரைக் கெடுத்தது மருந்தா, மருந்தை நிறுத்தியதா?

அந்தச் சிறிய உயர்வு எப்படி வருகிறது என்பதை அறிந்தால் அச்சம் நீங்கும். வடிகட்டும் நுண்கோளத்துக்குள் குருதி நுழையும் வாயில் ஒன்று, வெளியேறும் வாயில் ஒன்று. அஞ்சியோடென்சின் வெளியேறும் வாயிலை இறுக்கிப் பிடித்து, உள்ளே செயற்கையாக அமுக்கத்தை உயர்த்தி வடிகட்டலை நிலைநிறுத்துகிறது. இன்று வடிகட்டல் நன்றாகத் தோன்றும், நாளடைவில் அந்த அமுக்கமே கோளத்தைச் சிதைத்துவிடும். எனலாபிரில் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஆகவே வடிகட்டல் வீதம் தொடக்கத்தில் சற்று இறங்குவது மருந்து தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான சான்றாகவே பெரும்பாலும் அமைகிறது. இதயச் செயலிழப்பில் இம்மருந்துகளால் கிரியற்றினின் முன்னிருந்த அளவினும் 50 விழுக்காடு வரை உயர்ந்தாலும், அது லீற்றருக்கு 266 மைக்குறோமோலைத் தாண்டாதவரை, கவனமாகக் கண்காணித்தபடி மருந்தைத் தொடரலாம் என்பதே ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டிகளின் கருத்து. இந்த மருந்துக் குடும்பத்தின் முதற் குளிசையான கப்டொபிரில், பிரேசில் நாட்டு விரியன் பாம்பொன்றின் விடத்தை ஆராய்ந்ததிலிருந்து உருவாகி 1981இல் அமெரிக்காவில் பாவனைக்கு அனுமதிக்கப்பட்டது. பின்னர் ஸ்கண்டிநேவிய நாடுகளில் கடும் இதயச் செயலிழப்புள்ள 253 பேரிடம் நடந்து 1987இல் வெளியான ஆய்வில், வெறும் குளிசை பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் ஆறு மாதங்களில் இறக்க, எனலாபிரில் பெற்றவர்களில் 26 விழுக்காட்டினரே இறந்தனர். ஆறே மாதத்தில் நூறு பேருக்குப் பதினெட்டு உயிர்களின் வேறுபாடு! இதைக் கைவிடுமாறு சொல்லும் அயலாரின் அறிவுரைக்கு என்ன விலை?

நீர் போகும் மருந்தின் கதையும் இதுவே. அது சிறுநீரகத்தை வறளச் செய்யும் என்ற அச்சம் வைத்தியர்களிடமும் இருந்தது. 2011இல் வெளியான, 308 நோயாளிகளைக் கொண்ட அமெரிக்க ஆய்வு, திடீரென முற்றிய இதயச் செயலிழப்பில் அந்த மருந்தைக் கூடிய அளவில் கொடுத்தபோது சிலருக்குக் கிரியற்றினின் தற்காலிகமாக உயர்ந்தாலும், அறுபது நாள்களின் பின் சிறுநீரகத்தில் வேறுபாடு எதுவும் எஞ்சவில்லை என்று காட்டியது. வீக்கம் முற்றாக இறங்கும்போது கிரியற்றினின் சற்று உயர்ந்த நோயாளிகள், வீக்கம் எஞ்சியிருக்க நல்ல கிரியற்றினினோடு வீடு திரும்பியவர்களைவிட நெடுநாள் வாழ்ந்தனர் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. மருந்துக்குப் பதிலாக இயந்திரத்தின் மூலம் நீரை உறிஞ்சி எடுத்தால் நலம் என்று நம்பி, சிறுநீரகம் தளரத் தொடங்கிய 188 பேரிடம் 2012இல் அதைச் சோதித்தபோது, இயந்திரம் மருந்தை வெல்லவில்லை. கிரியற்றினின் கூடியதோடு தீய விளைவுகளும் மிகுந்தன. விலை கூடிய சிகிச்சையே மேலான சிகிச்சை என்று எண்ணுவோர் இந்த முடிவைக் கருத்திற் கொள்வது நன்று.

அப்படியானால் கிரியற்றினின் உயர்வு எதற்குமே அஞ்சவேண்டாமா? அஞ்சவேண்டிய உயர்வும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்து அதை அறிய முடியாது. எண்ணோடு ஆளையும் பார்க்கவேண்டும். கழுத்து நாளம் புடைத்து, கால் வீங்கி, நிறை கூடியிருப்பவரிடம் கிரியற்றினின் உயர்ந்தால், அங்கே குற்றவாளி தேக்கமே. நீர் போகும் மருந்தைக் குறைப்பது தவறு. வயிற்றோட்டமோ வாந்தியோ கண்டு, நாக்கு வறண்டு, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி, நிறை குறைந்திருப்பவரிடம் அதே எண் உயர்ந்தால், அங்கே உடல் உண்மையாகவே வறண்டிருக்கிறது. மருந்தைச் சில நாள்கள் நிறுத்திவைக்க வைத்தியர் சொல்லலாம். ஒரே எண், இரண்டு எதிர்மாறான தீர்ப்புகள். அறிக்கையைத் தொலைபேசியில் படமெடுத்து வெளிநாட்டிலுள்ள மகனுக்கு அனுப்பி அவர் சொற்படி குளிசையை மாற்றுவது ஏன் ஆபத்தானது என்பது இதனால் விளங்கும்.

ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இக்கரையோரத்தில் நிலமும் உடலும் ஒருசேரக் காய்ந்துவிடும். வயலிலும் கடலிலும் வியர்வை சிந்தும் நோயாளிக்கு மாரியில் பொருந்திய நீர் போகும் மருந்தின் அளவு அக்காலத்தில் மிகையாகலாம். அதை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளவேண்டும். நோன்புக் காலத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இதயச் செயலிழப்பு முற்றியவருக்கும் சிறுநீரகம் வெகுவாகத் தளர்ந்தவருக்கும் நீண்ட பகல் முழுவதும் நீரின்றி இருத்தல் ஆபத்தாகலாம். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கும்போது, அச்சலுகையை ஏற்பதில் குறைவு ஏதுமில்லை. நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்கள் நோன்பு நோற்க விரும்பினால், றமழான் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னரே கிளினிக்கில் கேட்டு மருந்து வேளைகளை ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ப ஒழுங்குசெய்துகொள்ளவேண்டும். நோன்பு தொடங்கிய பின் தாமாகவே குளிசையை விட்டுவிடுவதுதான் கேடு.

அடுத்து, பொற்றாசியம். தளர்ந்த சிறுநீரகம் இந்தத் தாதுவை வெளியேற்றத் திணறுகிறது. எனலாபிரிலும், ஸ்பைரோனோலக்டோன் என்ற மற்றோர் இதயச் செயலிழப்பு மருந்தும் அதை மேலும் தேக்கிவைக்கின்றன. அளவு மிஞ்சினால் இதயத் துடிப்பு முன்னறிவிப்பின்றி நின்றுபோகலாம். ஸ்பைரோனோலக்டோன் கடும் இதயச் செயலிழப்பில் இறப்பை 30 விழுக்காடு குறைக்கிறது என்று 1999இல், 1,663 பேரைக் கொண்ட ஆய்வு காட்டியது. உடனே கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அம்மருந்தை எழுதிக்கொடுப்பது பெருகியது. ஆனால் குருதிப் பரிசோதனை அதற்கேற்பப் பெருகவில்லை. விளைவாக, பொற்றாசிய மிகுதியால் வைத்தியசாலையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரம் நோயாளிக்கு 2.4 ஆக இருந்தது, 2001இல் 11 ஆக உயர்ந்தது. மருந்து ஒன்றே, கண்காணித்துக் கொடுத்த இடத்தில் உயிர் காத்தது, கண்காணிக்காத இடத்தில் உயிரெடுத்தது. இளநீரும் செவ்விளநீரும் குளிர்ச்சி என்று நோயாளிக்கு அன்போடு வெட்டிக் கொடுப்பது இவ்வூர்களின் வழக்கம். நூறு மில்லிலீற்றர் இளநீரில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொற்றாசியம் இருக்கிறது என்பதையும், பேரீச்சம்பழத்திலும் வாழைப்பழத்திலும் அது மிகுதி என்பதையும் அந்த அன்பு அறிந்திருக்கவேண்டும். இதயத்துக்கு நல்லது என்று விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்க்கப்படுவதும் பொற்றாசியமே. சீனி இறங்கும் என்று பிலிங்காயையும் காமரங்காயையும் சாறாகப் பிழிந்து குடிப்பவர்களின் சிறுநீரகம், அவற்றின் ஒட்சலேற் படிந்து திடீரெனச் செயலிழப்பதை இலங்கையிலும் கேரளத்திலும் வைத்தியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். இயற்கையானது என்பதால் எதுவும் தீங்கற்றதாகிவிடுவதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையாகச் சொல்லவேண்டியது நோவுக் குளிசையைப் பற்றியது. முழங்கால் நோவுக்கும் இடுப்பு நோவுக்கும் டைகுளோபினாக், இபுபுரொபன், மெபனமிக் அமிலம் ஆகியவற்றைச் சீட்டின்றி பாமசியில் வாங்கி விழுங்குவது வயல்வேலை செய்வோரிடமும் மீன்பிடித் தொழிலாளரிடமும் பரவலான பழக்கம். தளர்ந்த சிறுநீரகத்துக்குள் குருதி நுழையும் வாயிலைத் திறந்துவைத்திருப்பது புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள். இக்குளிசைகள் அதன் உற்பத்தியையே நிறுத்துகின்றன. ஒருபக்கம் எனலாபிரில் வெளியேறும் வாயிலைத் தளர்த்தியிருக்க, நீர் போகும் மருந்து குருதியின் அளவைக் குறைத்திருக்க, நோவுக் குளிசை நுழைவாயிலை மூடினால் வடிகட்டுவதற்கு எஞ்சுவது என்ன? பிரித்தானியாவில் பிரஷர் மருந்து எடுத்த ஏறத்தாழ 487,000 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இம்மூன்றையும் ஒன்றாக எடுத்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் ஆபத்து 31 விழுக்காடு கூடுதல் என்றும், முதல் முப்பது நாள்களில் அது 82 விழுக்காடு கூடுதல் என்றும் கண்டது. இக்குளிசைகள் உப்பையும் நீரையும் தேக்குவதால் இதயமும் சேர்ந்தே கெடுகிறது. நோவு தாங்கவில்லையெனில் அளவறிந்து எடுக்கும் பரசிட்டமோல் போதும். அதற்கும் அடங்காத நோவு வைத்தியரிடம் சொல்லவேண்டிய நோவு. இதயநோயாளியிடம் சீட்டுக் கேளாமல் டைகுளோபினாக்கை எடுத்து நீட்டும் பாமசி, அவருடைய சிறுநீரகத்தின் அழிவில் பங்காளியாகிறது.

உப்பைப் பற்றி நீளச் சொல்லத் தேவையில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், என்று உலக சுகாதார அமைப்பு எல்லை வகுத்திருக்கிறது. கறியில் உப்பைக் குறைத்துவிட்டு, கருவாடும் கூனியும் ஊறுகாயும் அச்சாறும் தட்டில் வைத்தால் அந்த எல்லை ஒரே வேளையில் கடந்துபோகும். கடலோரத்தில் பச்சை மீன் கிடைக்கும்போது இதயநோயாளி கருவாட்டைத் தேடுவதற்கு நாவின் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

அண்மைக் காலத்தில் நல்ல செய்தியொன்றும் வந்திருக்கிறது. அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்ற பொருள் சிறுநீரில் சீனியை வெளியேற்றும் என்பது நெடுங்காலமாகவே தெரிந்திருந்தது. அதன் வழியில் உருவான டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் ஆகிய நீரிழிவு மருந்துகள் இதயத்தையும் சிறுநீரகத்தையும் ஒருங்கே காப்பவை என்று தெளிவாகியுள்ளது. 4,744 பேரைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வில், டபாகிளிபுளோசின் பெற்றவர்களிடம் இதயச் செயலிழப்பு முற்றுவதும் இதயநோயால் இறப்பதும் சேர்ந்து 26 விழுக்காடு குறைந்தன. நீரிழிவு இல்லாதவர்களும் அதே பயனைப் பெற்றனர். அடுத்த ஆண்டே, நாட்பட்ட சிறுநீரக நோயின் வேகத்தையும் அம்மருந்து தணிக்கிறது என்பது தனியாக நிறுவப்பட்டது. இங்கும் முதல் வாரங்களில் வடிகட்டல் வீதம் சற்று இறங்கும். பின்னர் மருந்து எடுக்காதவரின் வீதம் விரைந்து சரிந்துகொண்டே போக, எடுப்பவரின் வீதம் மெதுவாகவே குறையும். தொடக்கச் சரிவைக் கண்டு நிறுத்தியவர்கள் இழப்பது அந்தப் பாதுகாப்பைத்தான். வாந்தி, வயிற்றோட்டம், உணவருந்த முடியாத நிலை வந்தால் மட்டும் இதனையும் வைத்தியர் சொற்படி இடைநிறுத்தவேண்டும்.

பரிசோதனையைப் பற்றி ஒரு சொல். கிரியற்றினின் தசையிலிருந்து வருவதால், தசை வற்றிய மூதாட்டியிடம் அது சாதாரண அளவில் இருந்துகொண்டே வடிகட்டல் வீதம் பாதியாகிவிட்டிருக்கும். ஆகவே எண்ணைக் கேட்பதோடு நில்லாமல், அதனோடு வயதையும் பாலினத்தையும் கொண்டு கணிக்கும் வடிகட்டல் வீதம் எவ்வளவு என்றும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் கேட்கவேண்டும். புதிய மருந்து தொடங்கினாலோ அளவு கூட்டினாலோ ஓரிரு வாரங்களுக்குள் கிரியற்றினினும் பொற்றாசியமும் மீளப் பார்க்கப்படவேண்டும். பொத்துவில், திருக்கோவில், அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளும், கல்முனையின் இரு பெரிய வைத்தியசாலைகளும், அம்பாறையும் மட்டக்களப்பும் இக்கரையோர மக்களுக்குக் கட்டணமின்றிச் சேவை செய்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகளுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்திலும் அவை கதவடைக்கவில்லை. கேட்பவருக்கே அச்சேவையின் முழுப்பயனும் கிடைக்கும்.

இத்தனையையும் விடச் செலவு குறைந்த கருவி ஒன்று உண்டு. அது நிறை பார்க்கும் தராசு. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், ஒரே மாதிரியான உடையில் நாள்தோறும் நிறை பார்த்து எழுதிவைப்பவருக்கு, கால் வீங்குமுன்னரே, மூச்சு முட்டுமுன்னரே தேக்கம் தெரிந்துவிடும். மூன்று நாள்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையன்று, நீர். அன்றே வைத்தியசாலைக்குச் சொன்னால் மருந்தின் அளவைச் சற்றுக் கூட்டுவதோடு முடியக்கூடிய காரியம், ஒரு வாரம் பொறுத்தால் சிறுநீரகத்தையும் இழுத்துக்கொண்டு விடுதிக் கட்டிலில் வந்து நிற்கும். தராசு வாங்க வசதியற்ற வீடுகள் இவ்வூர்களில் பல. ஆகவே கோமாரி முதல் கல்முனை வரையுள்ள பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயில் பரிபாலன சபைகளும், தேவாலயங்களும், கிராம அபிவிருத்திச் சங்கங்களும், மீனவர் சங்கங்களும் தத்தம் வாசலில் ஒரு தராசையும், அதனருகே ஒரு பதிவேட்டையும் வைத்து, சுபஹுத் தொழுகைக்கும் காலைப் பூசைக்கும் வரும் இதயநோயாளிகள் நாள்தோறும் நிறை பார்த்துச் செல்ல வழிசெய்யவேண்டும் என்று இவ்வுரை கேட்டுக்கொள்கிறது.